கத்திக்கும் ஓர் அரைஞாண்

ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி என்றால் எனக்கு உயிர். 1890இல் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கியது. பீச் மரப் பிடி, ஒரே அலகு. 1955இல் அதன் கழுத்தில் ஓர் உலோக வளையம் சேர்ந்தது. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இத்தனை அழகுக்கும் ஒரே ஒரு குறைதான்: அந்தப் பிடி சருகின் நிறம்.

கொல்லிமலையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கொய்யா நறுக்கினேன். கத்தியை மடக்கிப் பக்கத்தில் வைத்தவன், பேச்சு சுவாரசியத்தில் எழுந்து நடந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் எங்கும் சருகு, சுள்ளி, மறுபடி சருகு. மண்டியிட்டுத் துழாவினேன். கடைசியில் வெயில் பட்டு மின்னிய அந்த வளையம்தான் காட்டிக்கொடுத்தது.

ஊர் திரும்பியதும் சிவப்பு அரைஞாண் கயிறு ஒன்று வாங்கினேன். பிடியின் அடியில் துளையிட்டுக் கோத்து, மறுமுனையை பெல்ட்டில் முடிந்தேன். முழ நீளம் போதும். பழம் நறுக்கக் கை தாராளமாக நீளும். கீழே வைத்தால் இழுக்கும். அந்தச் சின்ன இழுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும், குழந்தை வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பதுபோல.

பனையேறிகள் இதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பாளை சீவும் அரிவாளை இடுப்புப் பெட்டியில் செருகிக்கொண்டுதான் ஏறுவார்கள். உச்சியில் ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, மறு கை பார்க்காமலே அந்தப் பெட்டியைத் தேடிப் போகும்.