சேலத்தில் பேசிய மலையாளம், மதுரையில் பேசிய சிங்களம்

மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) சேலத்தில் உருவானது. சிங்களத்தின் முதல் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ (1947) மதுரையில் உருவானது. இரண்டுக்கும் பணம் போட்டவர்கள் தமிழர்கள். முன்னது டி.ஆர்.சுந்தரம், பின்னது எஸ்.எம்.நாயகம். கேரளத்துத் திரை வரலாற்றிலும் இலங்கைத் திரை வரலாற்றிலும் இவர்கள் முதல் அத்தியாயத்தில் வந்து போகிறார்கள். தமிழ்த் திரை வரலாற்றிலோ இந்தப் படங்கள் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன. மொழி கடந்த தயாரிப்பாளருக்கு எந்த மொழியும் முழுச் சொந்தமில்லை.

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் (1907–1963) நூல் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து, ஆங்கிலேயப் பெண்ணை மணந்து ஊர் திரும்பியவர். 1930களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அங்கே ஆலையின் ஒழுங்குதான் நடைமுறை. மாதச் சம்பளம், மணி பார்த்து வேலை, நட்சத்திரமானாலும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். எல்லோரும் அவரை ‘முதலாளி’ என்றார்கள். கதை இலாகாவில் மு.கருணாநிதி இருந்தார், கண்ணதாசனும் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான்.

கேமராவுக்கு ஜெர்மானியர், ‘பால’னை இயக்க வடநாட்டவரான எஸ்.நொட்டாணி, ‘பொன்முடி’க்கும் ‘மந்திரி குமாரி’க்கும் (இரண்டும் 1950) அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் எனத் தேவைக்கேற்ப ஆள் எடுத்தார் சுந்தரம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்ட ஜெர்மன் இயந்திரங்களும், அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவியும் வந்ததற்கு இருபது ஆண்டுகள் முன்பே, அயலார் கைத்திறனை உள்ளூர் உழைப்போடு சேர்க்கும் அதே வேலையைச் சேலத்தில் ஒரு தனி முதலாளி செய்துகொண்டிருந்தார். நெய்வேலிக்கு இரண்டு அரசுகள் பேசி முடிக்க வேண்டியிருந்தது. சுந்தரத்துக்குச் சம்பளப் பதிவேடு போதுமானதாக இருந்தது.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் 1936இல் ‘சதிலீலாவதி’ தொடங்கி ‘மந்திரி குமாரி’ வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். ‘மந்திரி குமாரி’யை அவர் பாதியில் விட்டுச் செல்ல, எஞ்சியதைச் சுந்தரமே எடுத்து முடித்தார். படத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. எங்கே டங்கன் நிறுத்தினார், எங்கே சுந்தரம் தொடங்கினார் என்று கண்டுபிடிப்பது கடினம். நிறுவனத்தின் வார்ப்பு அத்தனை உறுதியானது.

சுந்தரத்தின் துணிச்சலான முயற்சி 1952இல் வந்த ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் இயக்கத்தில் ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி விண்ட்சர் நடித்தார்கள். தமிழில் அது ‘காடு’. காட்டு யானைகள் மிரண்டு ஓடுவதற்குக் காரணம், உயிரோடிருக்கும் மாமூத் என்பது கதை. மாமூத்துக்கு எங்கே போவது? சாதாரண யானைகளுக்கு மேலே சடைமுடிப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். நல்ல படமென்று சொல்ல முடியாது. ஆனால் ஹாலிவுட் நடிகர்களைத் தமிழகத்து முதலாளி ஒருவர் தன் கணக்கில் ஏற்றிய கூட்டுத் தயாரிப்பு என்ற வகையில் அதற்கு அன்று இணை கிடையாது. நான்கு ஆண்டு கழித்து ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வழியாகத் தமிழுக்கு முழுநீள வண்ணத்தையும், 1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ வழியாக மலையாளத்துக்கு வண்ணத்தையும் கொண்டுவந்தார்.

நாயகத்தின் பாதை வேறு. கொழும்பு மேடையில் பி.ஏ.டபிள்யூ.ஜயமான்னவின் நாடகம் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தது. அதை நாடகக் குழுவோடு அப்படியே மதுரையின் சித்ரகலா மூவிடோனுக்குக் கொண்டுவந்தார். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். நாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். தமிழ்ப் பெயரோடு பிறந்தவர் சிங்களத் திரையின் முதல் நட்சத்திரமானார். 1947 ஜனவரி 21இல் படம் கொழும்பில் வெளியானது. சில ஆண்டுகளில் நாயகம் இலங்கையிலேயே, கந்தானையில் ஸ்டுடியோ அமைத்தார்.

நாயகத்துக்குப் பிறகு வந்த தயாரிப்பாளர் கே.குணரத்தினம். இந்தியில் வெற்றி பெற்ற ‘படி பஹன்’ கதையை 1953இல் ‘சுஜாதா’ என்று சிங்களத்தில் கொடுத்துப் பெரும் வசூல் கண்டார். சிங்களம் பேசும் இந்தியப் படங்கள் என்று இந்த வகைப் படங்களை அங்குள்ள விமர்சகர்கள் பழித்தார்கள். பழிப்பில் நியாயம் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’வுக்காகக் கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குத் தூக்கிச் சென்றது இதை எதிர்த்துத்தான். ஆனால் எதிர்ப்பதற்கு ஒரு திரைத் தொழிலும் பார்வையாளர் கூட்டமும் முதலில் இருக்க வேண்டுமே. அதை உண்டாக்கியவர்கள் இந்த முதலாளிகள்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தலையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டுடியோ படச்சுருள்களோடு எரிக்கப்பட்டது. 1989 ஆகஸ்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நிற்கிறது.