நிலமும் பொழுதும் ஃபில்டரும்

அகப்பாடலுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுப்பது தமிழ் மரபு. நிலமும் பொழுதுமே முதற்பொருள். முல்லைக்குக் கார்காலத்து மாலை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். பொழுது மாறினால் உணர்வும் மாறும் என்பதுதான் இதன் அடிப்படை. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஃபில்டர் போடுகிறபோது செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தானே! மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினால் நண்பகல் படம் மாலையாகிவிடுகிறது. நீலத்தைக் கூட்டி ஓரங்களை இருட்டாக்கினால் பிரிவின் ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"இதெல்லாம் ஏமாத்து வேலை, அந்தக் காலத்துப் படம்தான் நிஜம்" என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் 1927-இல் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். மனத்தில் கண்ட கம்பீரம் அதில் வராது என்று பட்டது. மீதியிருந்த ஒரே தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி மறுபடி எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். ஆகவே பகல் வானம் கறுத்தது. பாறை நிமிர்ந்து நின்றது.

அப்படியானால் எதையும் மாற்றலாமா? தொல்காப்பியர் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார். திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்பது அவர் வகுத்த வரம்பு. ஒரு நிலத்துக்குரிய பொழுது இன்னொரு நிலத்தில் வரலாம். நிலமும் நிலமும் கலக்கலாகாது. ஆடம்ஸ் மாற்றியது பொழுதை. 2020-இல் போட்டோஷாப்பில் வந்த வானத்தை மாற்றும் வசதியோ, எங்கோ எடுத்த வானத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது.

ஒட்டாமலே நிலம் மயங்குவதும் உண்டு. ஒரு நவம்பரில் எங்கள் தில்லி வீட்டு மாடியிலிருந்து பேத்தி ஒரு படம் எடுத்தாள். சாம்பலும் மஞ்சளுமாய்க் கிடந்த புகைமூட்டத்தை ஃபில்டர் போட்டு வெளிர்நீலமாக்கி, மதுரையிலுள்ள என் தங்கைக்கு அனுப்பினாள். "அண்ணே, உங்க ஊரு கொடைக்கானல் மாதிரில்ல இருக்கு! குடுத்து வச்சவங்க" என்றாள் தங்கை. அந்த வாரம் முழுக்கப் பேத்திக்கு இருமல்.

படத்தில் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. நிறம் மட்டும்தான் மாறியது. புகை பனியாயிற்று, சமவெளி குறிஞ்சியாயிற்று. ஆகவே எவ்வளவு மாற்றினோம் என்பதைவிட, பார்ப்பவர் நிலத்தையே தப்பாகப் புரிந்துகொள்கிறாரா என்பதே சரியான உரைகல். வெளியூரில் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியம். நம் வாழ்வை ஊரார் பார்ப்பது பெரும்பாலும் படத்தில்தான்.

பேத்தியிடம் சொன்னேன்: "ஃபில்டர் போடு கண்ணு, வேண்டாங்கல. மாலையாக்கு, மழையாக்கு. புகையை மட்டும் பனியாக்காதே."

சற்று யோசித்துவிட்டு, ஃபில்டர் போடாத படத்தையும் அத்தைப்பாட்டிக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் தங்கையின் அழைப்பு வந்தது: "என்னண்ணே இது, பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கு?"