அடுத்த ரவுண்டு யாருடையது?

வேலைப் பயிற்சிக்காக மூன்று வாரம் டப்ளினுக்குப் போகிறேன் என்றதும் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பினார். தவறவிடக்கூடாத பாரம்பரிய ஐரிஷ் பப்கள். பத்து பப், பத்து புகைப்படம். எல்லாப் படத்திலும் அதே கருத்த மரக் கவுண்டர், அதே பித்தளைப் பிடி, அதே மஞ்சள் வெளிச்சம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்தாளரின் பெயர். இங்கே ஜாய்ஸ், அங்கே பேட்ரிக் கவனா, பக்கத்துத் தெருவில் பிரெண்டன் பீஹன். டப்ளினில் எழுத்தாளர் யாரும் குடிக்காத பப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

இந்தப் பட்டியல்கள் சொல்வது ஒன்றுதான். உள்ளே நுழைந்துவிட்டால் நீங்கள் அந்நியர் இல்லை. நான் ஜாய்ஸின் இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் அப்படியா சொல்கிறார்?

முதலில் போனது பூல்பெக் தெருவில் இருக்கும் முல்லிகன்ஸ். 1854 முதல் அதே இடத்தில் நடக்கும் பப். அலங்காரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. புகையேறிய சுவர், தேய்ந்த தரை. எனக்குப் பிடித்திருந்தது. இந்த பப்பைப் பற்றி யார் எழுதினாலும் ஜாய்ஸ் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் ஜாய்ஸ் இதற்குள் என்ன நடத்திக் காட்டினார் என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை.

1914இல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘கவுன்ட்டர்பார்ட்ஸ்’ என்று ஒரு கதை. ஃபேரிங்டன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களைக் கையால் பிரதி எடுக்கும் குமாஸ்தா. மேலாளரிடம் திட்டு வாங்கி, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி, கடைசியில் மன்னிப்புக் கேட்கவேண்டி வருகிறது. கையில் காசில்லை. கடிகாரத்தை அடகுக்கடையில் வைத்து ஆறு ஷில்லிங் வாங்கிக்கொண்டு டேவி பர்ன்ஸுக்குப் போகிறான். அங்கிருந்து இன்னொரு பப். கடைசியில் முல்லிகன்ஸ். அங்கே ஓர் ஆங்கிலேய இளைஞனிடம் கைமல்யுத்தத்தில் இரண்டு தடவை தோற்கிறான். வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. மகனைப் பிரம்பால் அடிக்கிறான். அடிக்காதீங்கப்பா, உங்களுக்காக ஜெபம் சொல்கிறேன் என்று அந்தப் பையன் கெஞ்சுகிறான். கதை அங்கே முடிகிறது.

இதைக் குடியின் கேட்டைப் பற்றிய கதை என்று படித்துவிட்டுப் போகலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் படித்தேன். முல்லிகன்ஸில் உட்கார்ந்து மறுபடி படித்தபோது பட்டது: ஃபேரிங்டனைக் காலி செய்வது குடி அல்ல, ரவுண்டு. நான்கு பேர் சேர்ந்தால் ஒருவர் நால்வருக்கும் வாங்க வேண்டும், அடுத்தது அடுத்தவர் முறை. ஏறக்குறைய நம்ம ஊர் சீட்டுப் பிடிக்கிற மாதிரி. நடுவில் எழுந்து போனால் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியவன் என்று பெயர். ஃபேரிங்டன் மற்றவர்களுக்கு ஊற்றி ஊற்றித் தீர்க்கிறான். அவன் தோற்ற அந்த இளைஞனும் அவன் காசில் குடித்தவன்தான். ஜாய்ஸ் சில்லறைக் கணக்கைக் கடைசிவரை விடுவதில்லை. ஆறு ஷில்லிங்கில் மிச்சம் இரண்டு பென்ஸ். போதைகூடச் சரியாக ஏறவில்லை.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சம்பள நாளில் பாட்டி அவரைக் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்பிவைப்பாராம், தாத்தா உள்ளே போவதற்கு முன்னால் கொஞ்சமாவது வாங்கிவர. ‘உள்ள போயிட்டா அவ்வளவுதான். தாத்தா கெட்டவரில்ல. கூட்டாளிங்களுக்கு வாங்கிக் கொடுக்காம வரமாட்டாரு’ என்பார் அம்மா. நம் தோட்டப்புறக் கதைகளில் கள்ளுக்கடை நிறைய வருகிறது, திட்டுவதற்காக. உள்ளே போனவன் ஏன் எழுந்து வர முடிவதில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டிய கதை எனக்கு அதிகம் அகப்படவில்லை. ஜாய்ஸ் போட்டுக் காட்டியிருக்கிறார். நானோ அந்த மேசையில் ஸ்டவுட் கிளாஸை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கள்ளுக்கடையை யாரும் இப்படிப் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

(ஸ்டவுட் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் போத்தலில் வருவதைவிட அங்கே குழாயிலிருந்து ஊற்றுவது மென்மையானது. முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு நிரப்புகிறார்கள். காத்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.)

டேவி பர்ன்ஸ் டியூக் தெருவில் இன்னும் இருக்கிறது. ‘யுலிஸிஸ்’ நாவலில் லியோபோல்ட் ப்ளூம் 1904 ஜூன் 16 மதியம் இங்கேதான் கார்கன்சோலா பாலாடைக்கட்டி சான்ட்விச்சும் ஒரு கிளாஸ் பர்கண்டியும் சாப்பிடுகிறான். இன்றைக்கும் ஜூன் 16 அன்று ஆட்கள் வந்து அதையே கேட்டு வாங்குகிறார்கள். இடம் பளபளவென்று, சாப்பாட்டுக்கடை மாதிரி இருக்கிறது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1954இல் ஃப்ளான் ஓ’பிரையன், கவனா எல்லாம் குதிரை வண்டியில் கிளம்பி நாவலின் வழியைச் சுற்றிவரத் திட்டமிட்டு, இதே தெருவில் இருந்த பெய்லி பப்போடு நின்றுபோனார்கள். அந்தக் கதை இந்த சான்ட்விச்சைவிட ருசியானது.

ப்ளூமுக்கு முக்கியமான பப் இது இல்லை. லிட்டில் பிரிட்டன் தெருவில் இருந்த பார்னி கீயர்னன்ஸ்தான். அது இப்போது பப்பாக இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. ப்ளூமின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். ப்ளூம் டப்ளின்காரன். இறந்துபோன ஒரு நண்பரின் இன்சூரன்ஸ் விஷயமாக ஒருவரைப் பார்க்க அங்கே வருகிறான். குடிக்க மாட்டேன் என்று ஒரு சுருட்டு மட்டும் வாங்கிக்கொள்கிறான். ‘சிட்டிசன்’ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு தேசியவாதி அங்கே உட்கார்ந்திருக்கிறார். உன் தேசம் எது என்ற கேள்வி வருகிறது. பிறந்த ஊரை ப்ளூம் பதிலாகச் சொல்கிறான். அது அங்கே செல்லுபடியாகவில்லை. கடைசியில் அவன் ஏறிய வண்டியின் பின்னால் ஒரு பிஸ்கட் டின் பறந்து வருகிறது.

‘பெண்டாத்தாங்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த அத்தியாயத்தைப் படிக்க அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. நான் முதலில் கவனிக்காமல் விட்டது வேறொன்று. பேச்சு முற்றுவது தேசத்தினால் மட்டும் இல்லை. அன்று குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு இருபது என்று போன குதிரையில் ப்ளூம் பணம் கட்டி ஜெயித்துவிட்டான் என்று ஒரு வதந்தி. அவன் கட்டவே இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே எரிச்சல்: இவ்வளவு ஜெயித்தும் ஒரு ரவுண்டு வாங்கித் தர மனம் வரவில்லை பார்! இனவெறுப்பு அங்கே முன்பே இருந்தது. ரவுண்டு அதற்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துவிட்டது. வாங்கியவன் அழிகிறான், வாங்காதவனைத் துரத்துகிறார்கள். ஜாய்ஸின் இந்த இரண்டு பப்களையும் சேர்த்து வாசித்தால் நமக்குக் கிடைப்பது நட்பைப் பற்றிய விளம்பரம் இல்லை.

பட்டியல்கள் சிலாகிக்கும் இன்னொரு விஷயம் ஸ்னக். பகாட் தெருவில் டோனர்ஸில் அழகான ஒன்று இருக்கிறது. பப்புக்குள்ளேயே மரத் தடுப்பு போட்ட குட்டி அறை. அந்தக் கடை மளிகையும் விற்ற காலத்து இழுப்பறைகளையும் அங்கே பார்க்கலாம். நம்ம ஊர் ஒட்டுக்கடை ஞாபகம் வரும். ‘அந்தரங்கமான மூலை’ என்கிறார்கள். யாருக்கு அந்தரங்கம்? ஆண்களோடு கவுண்டரில் நிற்கக் கூடாத பெண்களுக்கு. 1970கள் வரையிலும் டப்ளினில் பல பப்கள் பெண்களுக்கு முழு பைண்ட் ஊற்ற மறுத்தன. பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டியும் முப்பது பெண்களும் ஒரு பப்பில் முப்பது பிராந்தி கேட்டு வாங்கி, பிறகு ஒரே ஒரு பைண்ட் கேட்டு, அது மறுக்கப்பட்டதும் பிராந்திக்கும் காசு தராமல் வெளியேறிய கதையை இன்றும் சொல்கிறார்கள். எல்லா ரவுண்டுகளிலும் எனக்குப் பிடித்த ரவுண்டு அதுதான்.

டெம்பிள் பார் பகுதியைத் தவிர்த்துவிடலாம். அங்கே குடிப்பதும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான்.

ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் கோப்ள்ஸ்டோனுக்குக் கட்டாயம் போங்கள். முன்பக்க மூலையில் இசைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள், மேடை கிடையாது. 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்ட ஒரு திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. நியாயமான வெற்றி. ஆனால் அந்த இசையைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப்பில் பெரிய பெயர் ஜானி டோரன். அவர் டிராவலர் என்ற ஐரிஷ் நாடோடிச் சமூகத்தவர். சந்தை சந்தையாகப் போய் வாசித்தவர். 1947இல் நாட்டார் ஆணையத்துக்காக அவர் வாசிப்பு பதிவு செய்யப்பட்டது. அந்தச் சமூகத்தவரைத்தான் பல பப்கள் வாசலிலேயே நிறுத்தின. 2000இல் சமநிலைச் சட்டம் வந்ததும் டிராவலர்கள் பப்கள்மீது புகார் கொடுக்கத் தொடங்கினார்கள். பப் முதலாளிகளின் அழுத்தத்துக்குப் பிறகு 2003இல் அந்த வழக்குகளைச் சமத்துவத் தீர்ப்பாயத்திலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். சாதாரண ஆளுக்கு நீதிமன்றம் ஏறுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. இசை உள்ளே வரலாம், வாசித்தவரின் உறவுக்காரர் வாசலில் நிற்கட்டும்.

அதற்காக பப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துப் பழைய வாசலை ஒட்டி இருக்கும் ஜான் கவனாவுக்குப் போனேன். 1833 முதல் இருக்கிறது. ஊரார் அதை ‘கிரேவ்டிக்கர்ஸ்’ என்கிறார்கள், குழிவெட்டிகள் கடை. டிவி கிடையாது, பாட்டு கிடையாது. மனிதக் குரல் மட்டும். இருந்த மூன்று வாரத்தில் திரும்பவும் போக ஆசைப்பட்ட ஒரே இடம்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர். எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். ‘அதுக்கு முன்னாடி?’ என்றார். அதற்கு முன்னாடியும் மலேசியாதான், தாத்தாவும் அங்கேதான் பிறந்தார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். தான் இருபது வருஷம் லண்டனில் கட்டட வேலை செய்ததாகவும், அங்கே தன்னையும் இப்படித்தான் கேட்பார்கள் என்றும் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற தொனியெல்லாம் இல்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்து ஒரு பைண்ட் வாங்கிவந்து வைத்தார்.

நான் ஒன்றுக்கு மேல் தாங்காதவன். இரண்டாவதை எப்படியோ முடித்தேன். அவர் கிளாஸும் காலியாகியிருந்தது. கவுண்டருக்குப் போய் அவருக்கு ஒரு பைண்டும் எனக்கு எலுமிச்சை சோடாவும் வாங்கிவந்தேன். அவர் என் சோடாவையே பார்த்தார்.

‘வண்டி ஓட்டணுமா?’ என்றார்.

ஆமாம் என்றேன்.