அர்த்தசாஸ்திரத்தில் நாணயப் பொறுப்பு: லக்ஷணாத்யக்ஷனும் ரூபதர்சகனும்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குறிக்கும் லக்ஷணாத்யக்ஷன் என்னும் அதிகாரியை நாணயசாலைக் கண்காணிப்பாளர் எனப் பெயர்ப்பது, ஆர். சாமசாஸ்திரியின் 1915ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே காணப்படும் வழக்காகும். இப்பெயர்ப்பைத் தவறென்று தள்ளுதற்கில்லை. ஆயின் அது பிற்கால நாணயசாலைத் தலைவர் ஒருவரின் உருவத்தை நூலுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. உலோகத்தைப் பெறுதல், உருக்குதல், முத்திரையிடுவித்தல், தரம் காணுதல், போலியைத் தடுத்தல் ஆகிய யாவும் ஒருவர் கையில் இருந்தன என்ற எண்ணம் இதனால் வேரூன்றுகிறது. மூலத்தின் சூத்திரங்கள் இவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் நோக்கத்தக்கது இவ்வதிகாரிக்கு நூல் அளிக்கும் இடம். நெசவு, மது, சுங்கம் போன்ற துறைகளின் அத்தியட்சர்களுக்குத் தனி அத்தியாயங்கள் உள்ளன. லக்ஷணாத்யக்ஷனுக்கு அவ்வாறில்லை. சுரங்கங்களைப் பற்றிய அத்தியாயத்தில் (2.12), உலோக அத்தியட்சனை அடுத்து, ஒரே சூத்திரத்தில் அவன் கடமை சொல்லி முடிக்கப்படுகிறது. தொடர்ந்து ரூபதர்சகனும், அவனுக்குப் பின் சங்கு, வயிரம், முத்து முதலியவற்றுக்கும் உப்புக்கும் உரிய அத்தியட்சர்களும் வருகின்றனர். நூலாசிரியர் காசு அடித்தலைச் சுரங்க விளைபொருளின் அடுத்த கட்டப் பணியாகவே காண்கிறார். கருவூலம் சுரங்கத்திலிருந்து பிறக்கிறது என்னும் கருத்து அவ்வத்தியாயத்தின் இறுதியில் அமைந்திருப்பதும் இதற்கு அரண் செய்கிறது.

அவ்வொரு சூத்திரம் கூறுவது கலவை விதியும் காசு வகைகளும் மட்டுமே. வெள்ளிக் காசில் நான்கில் ஒரு பங்கு செம்பு இருத்தல் வேண்டும். இரும்பு, வெள்ளீயம், ஈயம், அஞ்சனம் ஆகியவற்றுள் ஒன்று ஒரு மாஷ அளவு சேர்தல் வேண்டும். பணம், அரைப்பணம், கால், அரைக்கால் என்பன வெள்ளிக் காசுகள். மாஷகம், அரைமாஷகம், காகணி, அரைக்காகணி என்பன செப்புக் காசுகள். ஒரு பணத்துக்கு 16 மாஷம் எனக் கொண்டால் செம்பு 4, கடினமூட்டும் உலோகம் 1, வெள்ளி 11 ஆகும். அதாவது வெள்ளி 68.75 விழுக்காடு.

இக்கணக்கின் உட்பொருள் போதிய கவனம் பெறவில்லை. நல்ல காசிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்ட உலோகம் விதிப்படி கலந்திருக்கிறது. ஆகவே கலப்பு உண்டு என்பது கொண்டு ஒரு காசைப் போலியென்று ஒதுக்க இயலாது. எவ்வளவு கலப்பு, யாருடைய குறி என்னும் இரண்டுமே செல்லுபடியைத் தீர்மானிக்கின்றன. லக்ஷணம் என்ற சொல் குறியையே சுட்டுவது. குறியிடுவிப்பவனே கலவையின் தரத்துக்கும் சான்று கூறுவானாயின், அவன் மிகுத்துக் கலந்த செம்பைக் கண்டறிவார் யார்?

இவ்வினாவுக்கு நூல் தரும் விடை ரூபதர்சகன். வணிகப் புழக்கத்துக்கும் கருவூல வரவுக்கும் உரிய பணவோட்டத்தை நிலைநிறுத்துபவன் அவன். ரூபிகம் நூற்றுக்கு 8, வியாஜி நூற்றுக்கு 5, பரிசோதனைக் கட்டணம் நூற்றுக்கு எட்டில் ஒன்று என்னும் விதிப்புகள் அவனையொட்டியே கூறப்படுகின்றன. கருவூலப் பொறுப்பாளனாகிய சந்நிதாதா, ரூபதர்சகன் தூயதெனக் கண்ட பணத்தையே ஏற்க வேண்டும், தூய்மையற்றதை வெட்டிவிட வேண்டும் (2.5). காசு நாணயசாலையில் பிறந்தது என்பது போதாது. கருவூல வாயிலில் வேறொருவர் கண்ணுக்கு அது தப்பக் கூடாது.

தண்டனைகளும் இதே திசையைக் காட்டுகின்றன. செல்லும் பணத்தைச் செல்லாதெனவும் செல்லாததைச் செல்லுமெனவும் கூறும் ரூபதர்சகனுக்கு 12 பணம் தண்டம் (4.1). போலிக் காசு செய்விப்பவனுக்கும் ஏற்பவனுக்கும் புழக்கத்தில் விடுபவனுக்கும் 1000 பணம். அதைக் கருவூலத்தில் சேர்ப்பவனுக்கோ மரணம். லக்ஷணாத்யக்ஷனைப் பெயர் சுட்டி இவ்விடத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. எனினும் அவன் கடமையைக் கூறும் வினையும் இக்குற்றத்தைக் கூறும் வினையும் 'செய்வித்தல்' என்ற ஒரே பிறவினை வடிவில் அமைவதைக் கருதாமல் இருக்க முடியவில்லை. நான்காம் அதிகரணத்தைக் கொண்டு இரண்டாவதை விளக்குவதில் எச்சரிக்கை தேவை என்பதும் உண்மையே. தாமஸ் டிராட்மன் 1971இல் வெளியிட்ட புள்ளியியல் ஆய்வு, நூல் முழுவதும் ஓராசிரியர் படைப்பன்று என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் கருவூலம் பற்றிய சான்று இரண்டாம் அதிகரணத்துக்குள்ளேயே இருப்பதால், பொறுப்புப் பகுப்பு என்ற வாதம் அதனால் தளர்வதில்லை.

நாணயம் முற்றிலும் அரசின் தனியுரிமையாக இருந்தது என்னும் கூற்றையும் இங்கு மறுபரிசீலனை செய்தல் தகும். 25 பணத் தண்டம் ஒன்றைக் கூறும் தொடர், செய்வோர், வாங்குவோர், விற்போர், பரிசோதிப்போர் ஆகியோரை அதிலிருந்து விலக்குகிறது. 'செய்வோர்' அரசின் தொழிலாளரா, அனுமதி பெற்ற பிறரா என்பது சூத்திரத்தால் தெளிவாகவில்லை. தனியுரிமை என்று உறுதிபடக் கூறுவோர் இச்சொல்லுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள்.

மறுமுனையில், முத்திரைக் காசுகளின் பின்புறத்துச் சிறு குறிகளை வணிகர் இட்ட பரிசோதனை அடையாளங்களாக டி. டி. கோசாம்பி கருதினார். அவற்றையே ரூபதர்சகனின் குறிகளாகக் கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. ஆயின் ரூபதர்சகன் காசின்மேல் குறியிட்டான் என்று மேற்காட்டிய சூத்திரங்கள் எங்கும் கூறவில்லை. குறி லக்ஷணாத்யக்ஷனுக்குரியது, தீர்ப்பு மட்டுமே ரூபதர்சகனுக்குரியது. நூலையும் தொல்பொருளையும் இவ்வளவு எளிதில் பொருத்திவிடுதல் ஆகாது.

தமிழில் எழுதுவோர்க்கு இப்பகுப்பைக் காக்கும் சொற்கள் கைவசம் உள்ளன. காசு அடிக்கும் இடம் அக்கசாலை. காசின் தரம் காண்பவன் வண்ணக்கன். தமிழ்ப் பேரகராதி அச்சொல்லுக்கு நாணயப் பரிசோதகன் என்றே பொருள் தருகிறது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் சங்கப் புலவர் பெயர்களில் அது நிற்கிறது. லக்ஷணாத்யக்ஷனை அக்கசாலைத் தலைவன் என்றும் ரூபதர்சகனை வண்ணக்கன் என்றும் வேறுபடுத்தி வழங்கினால் பாதிக் குழப்பம் நீங்கும். ஒன்று மட்டும் கருதத்தக்கது: புலவர் பெயரின் அடைமொழி தொழிலைத்தான் காட்டுகிறது, அரச பதவியைக் காட்டவில்லை. ரூபதர்சகனோ கருவூலத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட அதிகாரி. வண்ணக்கன் என்ற சொல்லை ஆளும்போது அதனுடன் அரச ஆணையையும் சேர்த்துச் சங்ககாலத்துக்குக் கடத்திவிடக் கூடாது.