கத்தரிப் பூவில் யார் கெட்டி?

தக்காளிப் பூவிலும் கத்தரிப் பூவிலும் தேன் கிடையாது. இருப்பது மகரந்தம் மட்டும். அதுவும் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். கத்தரியில் பையின் நுனியிலுள்ள துளை வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். பூவை அதிரவைத்தால் உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. மேலைநாட்டுப் பசுமைக்குடில்களில் இதைச் செய்யும் பம்பிள் தேனீ, இந்தியாவில் இமயமலைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. தமிழக–கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைச் சுற்றிய காய்கறிக் காடுகளில் அதன் இடத்தில் ஆடுபவற்றில் முக்கியமானவை இரண்டு: கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீ, நீலவரித் தேனீ.

உருவத்தில் கருவண்டே பெரியது. பெரிய இனங்கள் 3 செ.மீ.யைத் தொடும். நீலவரித் தேனீ 1 செ.மீ.க்குச் சற்றே மேல். இரண்டின் அடிப்படை உத்தியும் ஒன்றுதான்: பூவைக் கால்களால் அணைத்து, சிறகடிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் துடிக்கவிடுவது. அப்போது எழும் ‘ர்ர்ர்’ ஓசை வரப்பில் நிற்பவருக்கே கேட்கும்.

வேகத்தில் சின்னதை லேசாக எடைபோடக் கூடாது. ஆஸ்திரேலிய நீலவரித் தேனீ ஒன்றை அமெரிக்கப் பம்பிள் தேனீயோடு ஒப்பிட்ட ஆய்வில், பம்பிள் தேனீ பூவைத் தாடையால் கவ்வி நொடிக்குச் சுமார் 240 முறை அதிரவைத்தது. நீலவரித் தேனீ கவ்வவே இல்லை. தலையால் முட்டி முட்டி 350 முறை அதிரவைத்தது. ஒரு பூவில் நின்ற நேரமும் குறைவு. நிமிடத்தில் தொட்ட பூக்களோ அதிகம். நம் ஊர் நீலவரித் தேனீ அதே பேரினத்தைச் சேர்ந்தது. தக்காளி, கத்தரிக்கு இதையே முதல் ஆளாகத் தேர்வது நியாயம்.

கருவண்டின் களம் வேறு. முருங்கைப் பூவின் முக்கியமான மகரந்தத் தூதுவர் அதுதான். இடுக்கி மலைகளில் விளையும் பேஷன் பழத்தின் அகன்ற பூவில், மேலே தொங்கும் மகரந்தப் பைகளை முதுகு உரசும் அளவு பருமன் அதற்கே உண்டு. சிறிய தேனீக்கள் உரசாமல் அடியில் நுழைந்து தேனைக் குடித்துப் போய்விடும். கருவண்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நீண்ட குழல் பூக்களின் அடியைக் கிழித்துத் தேனை மட்டும் உறிஞ்சிவிடும்.

இரண்டுக்கும் தேன்கூடு இல்லை, ராணி இல்லை. கருவண்டு பட்ட மரத்தையும் பந்தல் மூங்கிலையும் குடைந்து முட்டையிடும். நீலவரித் தேனீக்கு மண்சுவரும் வரப்புச் சரிவும் வேண்டும். சுவர்கள் சிமென்ட்டாக மாறும் ஊரில் இழப்பு அதற்கே அதிகம். பூ விரிந்திருக்கும் காலையில் மருந்து அடித்தால் இரண்டும் சாகும். தெளித்தே ஆகவேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின் தெளிப்பதே முறை.