பாடியவரும் யாத்தவரும்: மதுரை நாடக மேடை குறித்து ஒரு மதிப்பீடு

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானியின் ‘கிதாபுல் அகானி’ அரபு இலக்கியத்தின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கும் அந்நூல் ஓர் ஒழுங்கைப் பேணுகிறது. பாடல் வரிகளைத் தந்தவுடன், அவற்றை யாத்த கவிஞர் யார், மெட்டமைத்தவர் யார், எந்தத் தாள முறையில் அமைத்தார் என்பவற்றை அது குறித்துவிடுகிறது. ஒரு கவிதைக்கு இருவர் மெட்டமைத்திருந்தால் இருவர் பெயரும் வரும். கவிதை யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தால் அதுவும் வரும். கவிஞரும் பாடகரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படவில்லை. இரண்டு தட்டுகள் இருந்தன.

தமிழில் அச்சில் வந்த கவிதையை மதிப்பிட நமக்கு நல்ல மரபு உண்டு. பாடி வளர்ந்த பாடலை மதிப்பிடுவதற்கு அத்தகைய மரபு இல்லை. குரலில் மயங்கி எழுதியவரை மறந்துவிடுகிறோம். அன்றேல், ஏட்டிலுள்ள வரிகளை மட்டும் பார்த்து, ‘இதில் என்ன கவித்துவம் இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டு பிழைகளும் ஒருசேர நிகழ்ந்த களம் மதுரையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாகக் கொண்ட பழைய நாடக மேடை. அதன் புகழ்பெற்ற கலைஞர்களைப் பாடுவோர் என்றும் யாப்போர் என்றும் பிரித்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இசை பற்றிய ஃபிக்ஹு விவாதம் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதற்குரிய இடம் வேறு.

சங்கரதாஸ் சுவாமிகள்

முதலில் நிற்பவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிப் பகுதியில் பிறந்த இவர் நடிகராகவே மேடைக்கு வந்தவர். எமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றவர். பின்னர் நடிப்பை விட்டு ஆசிரியராகவும் நாடகம் யாப்பவராகவும் ஆனார். பண்டைய அரபுலகில் ஒரு கவிஞரின் பாடல்களை மனனம் செய்து ஓதித் திரிந்த ‘ராவி’, காலப்போக்கில் தாமே கவிஞராவதுண்டு. அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாக இருந்த ஸுஹைரும், ஸுஹைரின் ராவியாக இருந்த ஹுதைஆவும் அவ்வாறு உயர்ந்தவர்கள். சுவாமிகளின் வளர்ச்சியும் அத்தகையதே. வாயால் சொல்லிப் பழகியவர் எழுதிய வரி என்பதால், அது நடிகனின் மூச்சளவை அறிந்திருந்தது.

1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கே பயின்றனர். சிறுவனான தமக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை டி. கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

ஆயினும் சுவாமிகளின் முதன்மையான சாதனை எழுதிய வேகமன்று; தென் மாவட்ட நடிகர் அனைவருக்கும் பொதுவானதொரு பாடத்தை அவர் உருவாக்கித் தந்ததே ஆகும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று இன்றும் வழங்கும் முறை இதை விளக்கும். அதில் நிரந்தரக் குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். இரவு பத்து மணியளவில் மேடையேறி விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ நடத்திவிடுவர். அனைவர் நெஞ்சிலும் சுவாமிகளின் ஒரே பாடம் இருப்பதால்தான் இது இயலுகிறது. ஒரே பாடத்தைப் பலர் பாடும்போதுதான் யார் சிறந்தவர் என்று ஊரார் ஒப்பிடவும் முடியும். ஆக, தென்னாட்டில் நட்சத்திரப் பாடகர்கள் தோன்றுவதற்கான நிலத்தைப் பண்படுத்தியது ஒரு பாடலாசிரியரின் எழுதுகோல் எனலாம்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

அந்நிலத்தில் ஓங்கி வளர்ந்த குரல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடையது (1906–1933). ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டிய உச்ச ஸ்தாயியும், நூல் பிசகாத விரைவுப் பிருகாக்களும் அவருடைய செல்வங்கள். அவர் பாடலாசிரியர் அல்லர். சுவாமிகளின் பாடல்கள், தியாகராசரின் கீர்த்தனைகள், வள்ளலாரின் அருட்பா என்று பிறர் யாத்தவற்றையே பாடினார்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘காயாத கானகத்தே’ சுவாமிகளின் ‘வள்ளி திருமணத்தில்’ வேட்டுவ வேடம் பூண்ட முருகன் பாடுவது. தப்பிப்போன மானைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே, எதிரில் நிற்கும் பெண்ணை மானாக்கிவிடும் சிலேடை அதன் உயிர். சிலேடைக்குச் சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டும். கிட்டப்பாவின் குரலோ சொல்லைத் தொட்டவுடன் மேலே பறந்துவிடும் இயல்பினது. அவர் பாடும்போது சிலேடையின் நயத்தினும் ஏக்கமே முன்னுக்கு வருகிறது. சுவாமிகள் எழுதியது குறும்பு. கிட்டப்பா பாடியது தாபம். இதை ஆசிரியருக்குச் செய்த துரோகம் என்று நான் கொள்ளவில்லை. பாடத்தில் மறைந்திருந்த ஒரு பொருளைப் பாடகர் வெளிக்கொணர்ந்தார். அதே வேளையில், பாடத்தில் வெளிப்படையாக இருந்த ஒன்று அவரிடம் மங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) இதற்கு நேர்மாறானவர். அவர் குரலில் ஓர் எழுத்துகூடச் சிதையாது. சொல்லைக் கல்லில் வெட்டியதுபோல் நிறுத்திவிட்டுத்தான் இசையை அதன்மேல் ஏற்றுவார். யாத்தவனுக்கு நீதி செய்வது சுந்தராம்பாளின் முறை. கேட்போனை மறக்கச் செய்வது கிட்டப்பாவின் முறை. பாடகர் என்ற வகையில் கிட்டப்பாவுக்கே முதலிடம் தர வேண்டும் என்றாலும், பாடலுக்குப் பாதுகாவலர் யார் என்று கேட்டால் சுந்தராம்பாளைத்தான் சொல்ல வேண்டும்.

கிட்டப்பாவின் பாடும் முறையும் ஒரு படைப்பே என்பதற்கு மதுரைச் சமவெளியிலேயே சான்று உண்டு. சோழவந்தானை அடுத்த தென்கரையிலிருந்து வந்த டி. ஆர். மகாலிங்கம் 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ திரைப்படத்தில் அதே பாடலைப் பாடினார். வரிகளைச் சுவாமிகளிடமிருந்து பெற்றார்; பாணியைக் கிட்டப்பாவிடமிருந்து பெற்றார். கிட்டப்பா மறைந்து 12 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பாடிய விதம் கைமாறியது என்றால், அந்த விதத்திற்கும் ஓர் ஆசிரியர் உண்டு என்றே பொருள்.

விசுவநாத தாசும் பாஸ்கரதாசும்

கிட்டப்பாவை நிறுத்த தராசு விசுவநாத தாசுக்குப் (1886–1940) பொருந்தாது. சிவகாசியில் பிறந்து மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தவர் அவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. அவருடைய மேடைக்கு எழுதியவர்களுள் தலையாயவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). ஜாலியன்வாலா பாக் படுகொலையைப் பாட்டாக்கியவர் இவரே. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்திற்குப் பாடல்கள் தந்தவரும் இவரே.

இவ்விருவரையும் இணைத்த புகழ்பெற்ற பாடல் வெள்ளைக் கொக்கைப் பற்றியது. ஏட்டில் படித்தால் அது பாப்பாவுக்குச் சொல்லும் எளிய பாட்டு. ஆனால் தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் கதையை நாடறியும். அக்கதை நடக்கும் மேடையில் வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து நம் பண்டங்களைக் கொண்டுபோகிறது என்று பாடினால், கொக்கு எது என்று கூடியிருந்தோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பாடலின் பாதிப் பொருள் வரியில் இருந்தது. மறுபாதி பாடப்பட்ட இடத்திலும் நேரத்திலும் இருந்தது. அந்த மறுபாதியைத் தந்தவர் விசுவநாத தாஸ். காவலர் மேடைக்கு வந்து அவரைக் கைது செய்தனர். ஒருமுறையன்று, பலமுறை அவர் சிறை சென்றார். தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் தேசிய இயக்கக் காலத்து நாடக, இசைத்தட்டுப் பாடல்களின் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. பாடலின் பொருளுக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு அன்றைய அரசு தன் போக்கில் ஒரு விடை சொன்னது: யார் வாயிலிருந்து வந்ததோ அவரே. மக்களும் அதே விடையைச் சொன்னார்கள். அது ‘தாஸ் பாட்டு’ ஆயிற்று. விலை கொடுத்தவருக்குப் பொருள் உரியது என்பது ஒரு நியாயமே. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்த நிலையிலேயே உயிர்நீத்தவரிடமிருந்து அப்பாடலைப் பிரிக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்தக் காட்சிக்குப் பொருந்தும்படியும், குழந்தையும் பாடும்படியும், குற்றம் என்று வரியில் விரல் வைத்துக் காட்ட முடியாதபடியும் எழுதியது பாஸ்கரதாசின் கைத்திறன். விசுவநாத தாசுக்குத் திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. பாஸ்கரதாசின் நாட்குறிப்புகள் அவருடைய பேரனான நாடகக் கலைஞர் முருகபூபதியின் முயற்சியால்தான் நூல் வடிவம் பெற்றன.

அமெரிக்காவிலும் இதே கணக்கு

இந்தப் பிணக்கு தமிழ் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1950களில் அமெரிக்காவில் எழுந்த ‘ராக் அண்ட் ரோல்’ இசையிலும் இதே இரு வகையினரைக் காண்கிறோம். சக் பெர்ரி (1926–2017) தாமே எழுதித் தாமே பாடியவர். எல்விஸ் பிரெஸ்லி (1935–1977) பாடவும் ஆடவும் பிறந்தவர், எழுதியவர் அல்லர். எனினும் ஓடிஸ் பிளாக்வெல் எழுதிய ‘டோன்ட் பி குரூவல்’ (1956) பாடலில் எல்விஸ் பெயரும் இணையாசிரியராக அச்சேறியது. சக் பெர்ரியின் முதல் வெற்றிப் பாடலான ‘மேபலீன்’ (1955) வெளிவந்தபோது, அதை எழுதுவதில் பங்கில்லாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீடின் பெயரும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கப்பட்டது. அங்கே பெயருக்குப் பின்னால் உரிமைத் தொகை இருந்ததால் பெயரைச் சேர்ப்பதற்குப் போட்டி. இங்கே தொகை இல்லாததால் பெயரைக் குறிப்பதற்கே ஆளில்லை. இரண்டு நாட்டிலும் இழந்தவர் எழுதியவரே.

நம் வீட்டுக் கணக்கு

இவையெல்லாம் பிறர் கதை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. நாகூர் இ. எம். ஹனீஃபாவின் (1925–2015) குரல் ஒலிக்காத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் இல்லை. அவர் பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ சமய எல்லை கடந்து ஒலிக்கிறது. அதை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்று, பாடலை முழுதும் மனனமாகச் சொல்லக்கூடியவர்களுள் எத்தனை பேர் அறிவர்? மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜனின் (1922–2013) குரலில் நிலைத்த ‘முதலாளி’ (1957) படத்து ஏரிக்கரைப் பாட்டைக் கவி கா. மு. ஷெரீப் (1914–1994) எழுதினார் என்பதையும் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டியுள்ளது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சௌந்தரராஜன் பாடிய ‘பாட்டும் நானே’ கண்ணதாசன் பெயரில் வந்தது. அது ஷெரீபுடையது என்ற வாதமும் நெடுநாளாக உண்டு. பாடியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எழுதியவர் யார் என்பதில்தான் வழக்கு.

வாய்மொழிப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் எதற்கு, அது ஊர்ச் சொத்தல்லவா என்று கேட்கலாம். தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் அது பொருந்தும். அவற்றின் ஆசிரியர்கள் தலைமுறைகளில் கரைந்துவிட்டார்கள். சுவாமிகளும் பாஸ்கரதாசும் அப்துல் சலாமும் ஷெரீபும் பெயர் தெரிந்த மனிதர்கள். தெரிந்த பெயரை விட்டுவிடுவது மரபன்று, கவனக்குறைவு. அறிவிப்பாளர் பெயர் விடுபட்ட செய்தியை ஏற்கத் தயங்கும் கல்வி மரபில் வந்த நமக்கு இது இன்னும் பொருந்தாது.

பெயரைச் சரியாகக் குறித்தால்தான் மதிப்பீடும் சரியாகும். மேற்கண்டவர்களை நான் நிறுத்தவரையில், பாடல் யாப்பில் சங்கரதாஸ் சுவாமிகளே தலையாயவர். அவர் வரிகள் எந்தக் குரலிலும் நிற்கின்றன. பாஸ்கரதாசின் வரிகளுக்கு மேடையும் காலமும் துணை வேண்டும். ஆனால் அந்தத் துணை கிடைத்தபோது அவை செய்ததைச் சுவாமிகளின் வரிகள் செய்யவில்லை. குரல்வளத்தில் கிட்டப்பாவுக்கு ஈடில்லை. மேடைக் கலைஞன் என்ற முழுப் பொருளில் விசுவநாத தாஸ் அவரினும் உயர்ந்தவர். தாம் பாடிய சொல்லுக்குத் தம் உடலைப் பிணையாக வைத்தவர் அவர். இம்மதிப்பீட்டோடு உடன்படாதவர் இருக்கலாம், வாதம் நடக்கட்டும்.

அதற்கு முன் ஒரு சிறு பணி உண்டு. இசைத்தட்டுக் காலத்து முஸ்லிம் பாடல்களைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எந்தப் பாடலை எவர் எழுதினார் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். விழா மேடையில் பாடல் அறிவிக்கப்படும்போது, பாடுபவர் பெயருக்கு முன் எழுதியவர் பெயரையும் சொல்ல வைப்போம்.