செக்கோவ்: வைத்தியரும் கதையாசிரியரும்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே வைத்தியனுக்குரிய கடமையை வகுக்குமிடத்து, நோயை ஆராய்தல், அதன் காரணத்தை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தல், பின் பிழையாது செய்தல் என முறைப்படுத்துவர். உருசிய நாட்டு எழுத்தாளராகிய அன்ரன் செக்கோவ் (1860–1904) தொழிலால் வைத்தியர். புகழாற் சிறுகதையாசிரியர், நாடகாசிரியர். அவருடைய கதைகளிலே நோயும் காரணமும் உள, மருந்தோ இல்லை என்னும் குறை அவர் காலத்திலேயே கூறப்பட்டது. மிகயிலோவ்ஸ்கி என்னும் திறனாய்வாளர், எதனையும் ஒரே தன்மையாய் எழுதிச்செல்லும் பற்றற்ற ஆசிரியர் என அவரைக் கடிந்தார். இக்குற்றச்சாட்டுப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

செக்கோவின் பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து பணங்கொடுத்து விடுதலை பெற்றவர். தகன்ரொக் நகரிலே பலசரக்குக் கடை வைத்திருந்த தந்தையார் 1876ஆம் ஆண்டிற் கடனால் நொடித்து மொஸ்கோவுக்கு ஓடினார். பின்தங்கிப் பள்ளிக்கல்வியை முடித்த செக்கோவ், 1879இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து 1884இல் வைத்தியராயினார். மாணவப் பருவத்திலே குடும்பத்தைக் காத்தற்பொருட்டு நகைச்சுவை ஏடுகளுக்குப் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அவ்வெழுத்தே 1888இற் புஷ்கின் பரிசு பெறுமளவிற்கு வளர்ந்தது. எனினும் வைத்தியத்தை அவர் கைவிட்டாரல்லர்.

வைத்தியம் அவருக்குக் கதைப்பொருளை மட்டுமன்றிக் காணும் முறையையும் அளித்தது. ‘துயரம்’ (1886) என்னுங் கதையிலே மகனை இழந்த வண்டிக்காரக் கிழவன், தன் துன்பத்தைக் கேட்பாரின்றி ஈற்றிலே தன் குதிரைக்கே சொல்லுகின்றான். ஆசிரியர் ஓரிடத்தேனும் அழுதாரல்லர், எவரையும் பழித்தாரல்லர். நோயாளியின் நாடியைப் பிடிப்பவனுடைய கை நடுங்குதலாகாது. அந்நடுங்காமையை அன்பின்மை எனக் கொண்டதே அவரைக் கடிந்தோர் செய்த பிழையாகும்.

1890ஆம் ஆண்டிலே செக்கோவ் சைபீரியாவைத் தரைவழியாகக் கடந்து, தண்டனைக் கைதிகள் குடியேற்றப்பட்ட சகாலின் தீவையடைந்தார். அங்கே மூன்று மாதங்கள் தங்கி, ஏறத்தாழ 10,000 பேரைப் பற்றிய விவரங்களைத் தனித்தனி அட்டைகளிற் பதிவுசெய்தார். அப்போது அவர் நுரையீரல் ஏற்கெனவே கசநோய்க்கு இலக்காகியிருந்தது. திரும்புங் கடற்பயணத்தில், நவம்பர் மாதத்திலே கொழும்பிலிறங்கிக் கண்டிக்குஞ் சென்றார். சகாலினை நரகமாகக் கண்ட அவர்க்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றியதென்பது அவருடைய கடிதத்தாற் புலனாகின்றது. அச்சுவர்க்கத்திலிருந்து எழுதத் தொடங்கிய கதையோ மரணத்தைப் பற்றியது. தாம் வந்த கப்பலில் இறந்த இருவரின் உடல்கள் கடலில் இடப்பட்டமையைக் கண்டிருந்த செக்கோவ், அவ்வனுபவத்தைக் ‘குசேவ்’ என்னுங் கதையாக்கினார். கசநோயால் இறக்கும் படைவீரனொருவனின் உடல் கடலுள் ஆழ்கின்றது. மேலே வானம் பல நிறங்காட்டி ஒளிர்கின்றது. இயற்கை மனிதனுக்காக நின்று இரங்குவதில்லை என்னும் உண்மையை, ஒரு சொல்லும் மிகையின்றி அக்கதை உணர்த்துகின்றது.

அவ்வாறாயின் பற்றின்றிக் காண்பதே செக்கோவின் கொள்கையோ? இவ்வினாவுக்கு விடை 1892இல் வெளிவந்த ‘ஆறாம் இலக்க வாட்டு’ என்னும் நெடுங்கதையிலே உளது. அதன் தலைவனாகிய ராகின் ஒரு வைத்தியன். தன் வைத்தியசாலையின் அழுக்கையும் களவையும் அவன் நன்கறிவான். அறிந்தும் யாதுஞ் செய்யான். துன்பத்தைப் பொருட்படுத்தாமையே ஞானம் எனத் தத்துவம் பேசுவான். துன்புற்றறியாதவன் பேசும் தத்துவம் அதுவென, மனநோய் வாட்டிலுள்ள குரோமொவ் அவனை இடித்துரைக்கின்றான். ஈற்றில் ராகினே பித்தனெனக் கருதப்பட்டு அவ்வாட்டிற் பூட்டப்படுகின்றான். காவலாளியின் கைமுட்டி அடிபட்ட பின்னரே, தான் இருபது ஆண்டுக்கு மேலாகக் காணமறுத்த நோவு எத்தகையதென அறிகின்றான். மறுநாள் இறக்கின்றான். மிகயிலோவ்ஸ்கி செக்கோவிடங் கண்ட குற்றத்தையே செக்கோவ் தம் தொழிலைச் சேர்ந்த ஒருவன்மேல் ஏற்றி, அதற்குத் தீர்ப்பும் அளித்துள்ளார். காணுதல் வேறு, கண்டும் வாளாவிருத்தல் வேறு. முன்னையது வைத்தியம், பின்னையது நோய். ‘இயோனிச்’ (1898) என்னுங் கதையில் வரும் வைத்தியன் ஸ்ரார்சேவ் பணத்தாள்களை எண்ணுவதில் இன்பங்காண்பதும் இந்நோயின் வேறொரு குறியேயாம்.

அதே 1892ஆம் ஆண்டிலே மெலிகொவோக் கிராமத்திற் குடியேறிய செக்கோவ், கொலறா நோய் நெருங்கியபோது 25 கிராமங்களையும் 4 தொழிற்சாலைகளையும் ஒரு மடத்தையும் ஊதியமின்றி மேற்பார்த்தார்; பிற்பட்ட ஆண்டுகளில் அயற்பகுதியிலே மூன்று பாடசாலைகளை எழுப்புவித்தார். இவை போற்றற்குரியன, ஆயினும் ஆசிரியரின் நற்செயல் அவர் கதைக்குச் சான்றாகாது. கதையே தனக்குச் சான்றாதல் வேண்டும். ராகினின் கதை அத்தகையது. அதிலே மருந்து எழுதப்படவில்லை என்பது மெய்யே. மருந்தைத் தேடாதிருத்தல் குற்றமென்னும் உணர்ச்சி வாசகனுள்ளத்தில் எழுப்பப்படுகின்றது. வள்ளுவர் கூறிய முறையில் எஞ்சிய பகுதியை, அதாவது செய்தலை, செக்கோவ் வாசகனிடம் ஒப்புவித்துச் சென்றார். 1904ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, யேர்மனியின் பாடன்வைலர் நகரிற் கசநோயால் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.